கனமான ரெட் பிளெண்ட் ஒயின்: ருசிக்கவும் சாப்பாட்டோடு சேர்க்கவும் பழகுவது எப்படி?

கனமான சிவப்பு ஒயினை முதன்முதலாகக் குடிப்பவர்களில் பலருக்கு அது பிடிப்பதில்லை. ஈறு வறண்டு நாக்கு இழுத்துக்கொள்கிறது, தொண்டையில் எரிச்சல், மூக்கில் ஆல்கஹால் நெடி. ‘இதற்கா இவ்வளவு பேச்சு?’ என்று கிளாஸை நகர்த்தி வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் ஒயின் மேல் குற்றம் இருக்காது. தேவைக்கு மேல் சூடாக ஊற்றியிருப்பார்கள். அதற்குச் சேராத பண்டம் தட்டில் இருந்திருக்கும்.

இதில் ஒரு தப்புக் கணக்கு பரவலாக இருக்கிறது. ஒயின் அழுத்தமானது என்றால் சாப்பாடும் காரசாரமாக இருக்க வேண்டும் என்பதுதான் அது. சாப்பாடு கனமாக இருக்க வேண்டும் என்பது வரை சரி. அந்தக் கனம் கொழுப்பிலும் புரதத்திலும் உப்பிலும் இருந்து வருவது. மிளகாய்க் காரம் அதில் சேராது; சொல்லப்போனால் இந்த வகை ஒயினுக்கு அதைப்போல எதிரி வேறில்லை. இந்த ஒன்று மனதில் நின்றுவிட்டால் மற்றவை ஒவ்வொன்றாகப் பிடிபடும்.

படி 1: ஏன் கலக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒன்றுக்கு மேற்பட்ட திராட்சை ரகங்கள் சேர்ந்த ஒயின்தான் பிளெண்ட். பொதுவாக ஒவ்வொரு ரகத்தையும் தனித்தனியே பறித்து, தனித்தனியே நொதிக்க வைத்து, பிறகு ருசி பார்த்துப் பார்த்துக் கலப்பார்கள். மிச்சம் மீதியை ஒன்றாகக் கொட்டியது என்று நினைத்துவிட வேண்டாம். பிரான்சின் போர்தோ பகுதியில் விலை உச்சத்தில் இருக்கும் சிவப்பு ஒயின்களில் பெரும்பாலானவை கலவைகளே.

அங்கே கலப்பது வழக்கமானதற்குப் பாதிக் காரணம் வானிலை. மெர்லோ சீக்கிரம் துளிர்த்துச் சீக்கிரம் பழுக்கும். வசந்தத்தில் பனி விழுந்தால் அடி வாங்குவது அதுதான். கேபர்னே சோவின்யோன் பிந்திப் பழுக்கும். அறுவடைக் காலம் குளிர்ந்து மழை பிடித்துக்கொண்டால் அது முழுதாகக் கனியாது. இரண்டையும் பயிரிட்டு வைத்தால் ஒன்று கைவிட்ட ஆண்டில் மற்றொன்று காப்பாற்றும். ருசியிலும் அப்படியே. கேபர்னே துவர்ப்பும் புளிப்புமாக விறைப்பாக நிற்கும், ஆனால் வாயின் நடுப்பகுதியில் சற்று வெறுமை தெரியும். மெர்லோவின் பழச்சதை அந்த இடத்தை நிரப்பிவிடும். நிறமும் துவர்ப்பும் மிகுந்த பெத்தி வெர்தோவைச் சில சதவீதம் மட்டும் சேர்ப்பார்கள். அதற்கு மேல் போனால் மற்ற ரகங்களின் குரல் கேட்காது.

படி 2: லேபிளை வைத்துக் குடும்பத்தைக் கண்டுபிடியுங்கள்

ஆயிரம் பெயர்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. கனமான சிவப்புக் கலவைகளில் பெரும்பகுதி நாலைந்து குடும்பங்களுக்குள் அடங்கிவிடும்.

போர்தோ பாணிதான் அடிப்படை. கேபர்னே சோவின்யோன், மெர்லோ, கேபர்னே ஃப்ரான், பெத்தி வெர்தோ, மால்பெக் ஆகியவை இதில் வரும். கரும்பழ மணமும் நல்ல துவர்ப்பும் இதன் அடையாளம். போர்தோவிலேயே ஆற்றின் இடக்கரையில், மெடாக் பக்கத்துச் சரளை மண்ணில், கேபர்னே தூக்கலாக இருக்கும். வலக்கரையில், சான்-எமிலியோன், பொமரோல் பக்கம், மெர்லோ தூக்கலாக இருக்கும். புதியவர்களுக்கு வலக்கரைப் பாணிதான் எளிது என்பது என் எண்ணம். அமெரிக்காவில் இதே ரகங்களைக் கலந்து செய்யும் ஒயின்களுக்கு ‘மெரிட்டேஜ்’ என்ற பெயரும் உண்டு. 1988இல் கலிஃபோர்னியாவில் உருவானது.

ரோன் பாணியில் கிரெனாஷ், சிரா, மூர்வேத் மூன்றும் சேரும். லேபிளில் ‘ஜி.எஸ்.எம்.’ என்று சுருக்கியும் போடுவார்கள். கிரெனாஷில் செம்பழ வாசனையும் ஆல்கஹாலும் அதிகம், துவர்ப்பு குறைவு. சிரா மிளகு மணம் தரும். மூர்வேத் துவர்ப்பையும் ஒருவித இறைச்சி, மண் வாடையையும் கொண்டுவரும். தெற்கு ரோனின் ஷாத்தோனஃப்-டு-பாப் ஒயினில் 13 ரகங்கள் வரை சேர்க்க விதி இடம் தருகிறது, நடைமுறையில் கிரெனாஷ்தான் முன்னால் நிற்கும்.

இத்தாலியின் டஸ்கனியில் உள்ளூர் ரகமான சாஞ்சோவேசேயோடு கேபர்னேயைக் கலக்கும் பழக்கம் 1970களில் வேர்பிடித்தது. அந்தப் பகுதியின் விதிகளுக்குள் அடங்காததால் இத்தகைய ஒயின்கள் வெறும் ‘மேசை ஒயின்’ என்ற கீழ்மட்ட முத்திரையோடுதான் முதலில் வந்தன. அவற்றின் விலையோ முத்திரை பெற்றவற்றை மிஞ்சியது. ‘சூப்பர் டஸ்கன்’ என்று இன்று அழைக்கப்படுபவை இவைதான். புளிப்பு இவற்றில் கூர்மையாக இருக்கும். சாப்பாட்டுக்கு வரும்போது இது கை கொடுக்கும்.

கலிஃபோர்னியாவில் ஜின்ஃபாண்டெலும் பெட்டிட் சிராவும் சேரும் கலவை பழக்கூழ் போல அடர்த்தியானது. ஆல்கஹால் 15 சதவீதத்தைத் தொடுவது சகஜம். பெட்டிட் சிராவின் பழங்கள் சின்னவை. சாற்றுக்குத் தோல் விகிதம் கூடுவதால் நிறமும் துவர்ப்பும் ஏறிவிடும். ஆஸ்திரேலியாவில் கேபர்னேயும் ஷிராஸும் சேர்வது பழைய வழக்கம். சிராவுக்கு அங்கே ஷிராஸ் என்று பெயர். ஸ்பெயினின் பிரியோராட்டும் போர்ச்சுகலின் டோரோவும் இதே எடையில் நிற்பவை. அவற்றைப் பிறகு தேடிப் பார்க்கலாம்.

லேபிளில் ஆல்கஹால் அளவை மறக்காமல் பாருங்கள். 13 சதவீதத்தை ஒட்டி இருந்தால் ஒயினின் உடல், அதாவது வாயில் தெரியும் எடை, நடுத்தரம்; 14.5 தாண்டினால் கனம் என்று தோராயமாகக் கொள்ளலாம். இன்னொன்று, ஒரே ரகத்தின் பெயர் போட்டிருந்தாலும் உள்ளே கலவை இருக்கக்கூடும். அமெரிக்காவில் அந்த ரகம் 75 சதவீதம் இருந்தால் போதும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஆஸ்திரேலியாவிலும் 85 சதவீதம். இனிப்பைத்தான் லேபிள் மறைக்கும். பெருமளவில் விற்கும் மலிவான ரெட் பிளெண்டுகள் சிலவற்றில் நாக்குக்குத் தெரியும் அளவு சர்க்கரை மிச்சம் இருக்கிறது. ‘ஸ்மூத்’, ‘வெல்வெட்’ போன்ற சொற்கள் பெரிதாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

படி 3: குளிர வையுங்கள், பிறகு காற்றாட விடுங்கள்

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்பது பழைய ஐரோப்பியக் கல் வீடுகளின் குளிர்ந்த அறைகளை வைத்துச் சொன்னது. உங்கள் அறை 25 டிகிரி செல்சியஸ் என்றால் அந்த அறிவுரையை மறந்துவிடுங்கள். கனமான கலவைக்கு 16 முதல் 18 டிகிரி போதும். குளிர்பதனப் பெட்டியில் ஒரு மணி நேரம் போல வைத்து எடுத்தால் ஏறக்குறைய அங்கே வந்துவிடும். சூடாக இருந்தால் ஆல்கஹால் மேலே எழுந்து பழ மணத்தை மூடிவிடும். மிகவும் குளிர்ந்துவிட்டால் மணம் ஒடுங்கித் துவர்ப்பு மட்டும் துருத்திக்கொண்டு தெரியும். கிளாஸில் ஊற்றியபின் ஒயின் சூடேறிக்கொண்டேதான் போகும். அதனால் சற்றுக் குளிர்ச்சியின் பக்கமே தொடங்குவது நல்லது.

காற்றாட விடுவதற்கு கார்க்கைப் பிடுங்கி பாட்டிலை அப்படியே வைத்திருப்பவர்கள் உண்டு. அதனால் பெரிதாக ஒன்றும் நடக்காது. பாட்டிலின் கழுத்தில் காற்றுப்படும் பரப்பு ஒரு நாணயம் அளவுதான். அகலமான டிகாண்டரில், இல்லாவிட்டால் சுத்தமான ஒரு கண்ணாடி ஜாடியில் ஊற்றி அரை மணி முதல் ஒரு மணி நேரம் விடுங்கள். இளம் ஒயினின் முரட்டுத்தனம் சற்று அடங்கும், மணம் விரியும். பத்து, பதினைந்து ஆண்டு பழையதென்றால் கதை வேறு. அதை டிகாண்டரில் ஊற்றுவது அடியில் தங்கிய வண்டலைப் பிரிக்கத்தான். நெடுநேரம் காற்றில் விட்டால் மிச்சமிருக்கும் மணமும் போய்விடும்.

படி 4: வாயில் எது எங்கே தெரிகிறது என்று பாருங்கள்

பெரிய கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றி, சுழற்றி, முகர்ந்து, பிறகு குடியுங்கள். கிளாஸின் உட்பக்கம் கோடுகோடாக வழிவதைக் காட்டித் தரத்தைப் புகழ்பவர்களைப் பார்ப்பீர்கள். அதைப் பார்த்து ஆல்கஹால் அளவை வேண்டுமானால் ஊகிக்கலாம், தரத்தை ஊகிக்க முடியாது.

மணத்தில் ஈரமான அட்டைப்பெட்டி வாடை வந்தால் நிறுத்திவிடுங்கள். கார்க் வழியாக டி.சி.ஏ. என்ற வேதிப்பொருள் இறங்கியிருக்கிறது. உடலுக்குக் கேடில்லை, ஆனால் காற்றாட விட்டாலும் சரியாகாது. பாட்டிலை மாற்றிக் கேட்கலாம். குடைமிளகாய் போன்ற பச்சை வாசனை குறையல்ல. பைரசின் எனப்படும் சேர்மங்கள் தருவது அது. 1997இல் டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேபர்னே ஃப்ரானும் வெள்ளை ரகமான சோவின்யோன் பிளாங்கும் இயற்கையாகச் சேர்ந்து பிறந்ததே கேபர்னே சோவின்யோன் என்று மரபணு வழியே காட்டினார்கள். மூன்று ரகங்களிலும் அந்தப் பச்சை வாசனை எட்டிப் பார்ப்பதில் வியப்பில்லை. சிராவின் மிளகு மணமும் கற்பனையில்லை. ரோட்டன்டோன் என்ற சேர்மம் கருமிளகிலும் இருக்கிறது, சிராவிலும் இருக்கிறது. வனிலா, தேங்காய், புகை, வறுத்த காபி போன்றவை பெரும்பாலும் ஓக் பீப்பாயிலிருந்து வருபவை.

வாயில் நான்கைப் பிரித்துப் பாருங்கள். ஈறும் கன்னத்தின் உட்பக்கமும் வறண்டால் அது டானின், அதாவது துவர்ப்பு. தாடையோரம் எச்சில் ஊறினால் புளிப்பு. விழுங்கியபின் தொண்டையில் சூடு ஏறினால் ஆல்கஹால். இதழை நக்கும்போது ஒட்டுகிற மாதிரி இருந்தால் சர்க்கரை மிச்சமிருக்கலாம். பழ மணத்தைச் சர்க்கரை என்று நினைத்துக்கொள்வதுதான் புதியவர்களுக்கு எளிதில் வரும் குழப்பம். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு குடித்தால் தெளிந்துவிடும். அப்போதும் இனித்தால் மட்டுமே அது இனிப்பு.

டானின் திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகிறது, கொஞ்சம் பீப்பாயிலிருந்தும். எச்சிலில் உள்ள புரதங்களைப் பற்றிக்கொண்டு திரளச் செய்துவிடுவதால்தான் வாயின் வழவழப்பு போய் வறட்சி தெரிகிறது. நேரம் கடந்து கொதித்த கறுப்புத் தேநீரின் துவர்ப்பும் பாலூற்றியதும் அது அடங்குவதும் இதே சங்கதிதான். பாலின் புரதம் அங்கே டானினை வாங்கிக்கொள்கிறது. கனமான ஒயினுக்குச் சாப்பாடு தேடும்போது நாம் தேடுவது அந்தப் பாலின் வேலையைச் செய்யும் ஒன்றை.

படி 5: ஒரு தட்டில் சோதித்துப் பாருங்கள்

எத்தனை பக்கம் படித்தாலும் இந்தப் பத்து நிமிடத்துக்கு ஈடாகாது. ஒரு தட்டில் சிட்டிகை உப்பு, எலுமிச்சைத் துண்டு, கெட்டியான பழுத்த சீஸ், ஒரு ஸ்பூன் தேன், ஒரு துளி மிளகாய்ச் சாறு வையுங்கள். கிளாஸில் ஒயின். பக்கத்தில் தண்ணீர்.

முதலில் ஒயினை மட்டும் ருசியுங்கள். அடுத்து எலுமிச்சையையும் உப்பையும் சேர்த்து நக்கிவிட்டு ஒயினைக் குடியுங்கள். அதே ஒயின் மிருதுவாக, பழச்சுவை கூடியதாகத் தெரியும். உப்பு கசப்பை அடக்குகிறது. சாப்பாட்டின் புளிப்பு ஒயினின் புளிப்பை மறைக்கிறது. சீஸுக்குப் பிறகு துவர்ப்பு இறங்கியிருக்கும். தேனுக்குப் பிறகு அந்த ஒயின் பழத்தைத் தொலைத்து வெற்றுப் புளிப்பும் கசப்புமாக நிற்கும். கடைசியாக மிளகாய். ஆல்கஹால் காரத்தின் எரிச்சலைத் தூண்டிவிடும், எரியும் வாயில் துவர்ப்பு சுரண்டும். இதை ஏன் கடைசியில் வைத்தேன் என்று அப்போது தெரியும். அதற்குப்பின் வேறெதையும் ருசிக்க முடியாது.

படி 6: இனிச் சாப்பாடு

கொழுப்பு ஓடிய மாட்டிறைச்சி ஸ்டேக், ஆட்டின் தொடை அல்லது தோள்பட்டை, மெதுவாக வேகவைத்த விலா எலும்புக் கறி ஆகியவை எல்லோரும் சொல்லும் இணைகள். சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இறைச்சியைவிட அதில் போட்ட உப்புதான் பாதி வேலையைச் செய்கிறது. உப்புக் குறைந்த ஸ்டேக்கோடு குடித்துப் பார்த்தால் புரியும். நெருப்பில் வாட்டிக் கருக்கிய மேல்புறம் இன்னும் உதவும், ஓக் பீப்பாயின் புகை வாடை அதோடு ஒட்டிக்கொள்வதால். பொடித்த கருமிளகைப் புரட்டிய கறிக்கு சிரா கலந்ததைத் தேடுங்கள். மிளகின் உறைப்பு மிளகாய் அளவுக்கு ஒயினோடு மல்லுக்கு நிற்பதில்லை.

ஆட்டிறைச்சிக்கு என் கை போவது போர்தோ பாணிக்கு, அதுவும் ரோஸ்மேரி, தைம் போன்ற இலைகள் சேர்ந்திருந்தால். கேபர்னேயின் பச்சை வாசனையும் இலைகளின் வாசனையும் ஒன்றையொன்று தூக்கிவிடும். தக்காளி மிகுந்த குழம்பு அல்லது சாஸ் என்றால் புளிப்புக் குறைந்த கலிஃபோர்னியக் கலவை தட்டையாகத் தெரியும். அங்கே சாஞ்சோவேசே சேர்ந்த டஸ்கன் கலவையை எடுங்கள். சாப்பாட்டின் புளிப்புக்கு ஒயின் குறைந்துபோகக் கூடாது. இனிப்புப் பூசிய பார்பிக்யூ விலா எலும்புக்கு எதிர்ப்பக்கம் போக வேண்டும். பழம் நிறைந்து, கொஞ்சம் சர்க்கரையும் மிச்சமிருக்கும் ஜின்ஃபாண்டெல் கலவை அங்கே அழகாகப் பொருந்தும். லேபிளில் நான் சந்தேகப்பட்ட ‘ஸ்மூத்’ பாட்டில்களுக்கும் இப்படி ஓர் இடம் உண்டு.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு கனமான ரெட் ஒயின் ஒத்துவராது என்பார்கள். நான் ஒப்பமாட்டேன். நன்றாக நிறம் மாறும்வரை வதக்கிய காளான், எண்ணெய் விட்டுச் சுட்ட கத்திரிக்காய், அவரை வகைகளையும் பருப்பையும் கெட்டியாக வேகவைத்த ஸ்டூ எல்லாமே நன்றாகச் சேரும். புரதமும் கொழுப்பும் இறைச்சியில் தானாக இருக்கும், காய்கறியில் நாம்தான் சேர்க்க வேண்டும். ஆலிவ் எண்ணெய், வெண்ணெய், மேலே துருவிய சீஸ் என எதையாவது தாராளமாகப் போடுங்கள். காளானில் ஒரு எச்சரிக்கை. அதன் உமாமி, அதாவது இறைச்சிச் சாறு போன்ற ஆழ்ந்த சுவை, துவர்ப்பைக் கடுமையாகக் காட்டும். உப்பைச் சரியாகப் போட்டால் அது அடங்கிவிடும்.

சீஸில் செடார், பழுத்த கௌடா, மான்செகோ, பார்மிஜானோ போல கெட்டியாகவும் உப்பாகவும் இருப்பவற்றை நம்பலாம். பிரீ போன்ற மென்மையான சீஸுக்கு இந்த ஒயின் கசந்துபோகும்.

படி 7: எதைத் தவிர்ப்பது

மீன் முதலில். சிவப்பு ஒயினோடு மீன் சேர்ந்தால் வாயில் வரும் கவிச்சைக்கு ஒயினில் உள்ள இரும்புச்சத்து காரணம் என்று 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டு சொன்னார்கள். எண்ணெய்ச் சத்து மிகுந்த மீனில் இது மோசமாகத் தெரியும். வினிகர் தூக்கலான சாலட்டும் வேண்டாம்.

சாக்லேட்டைப் பற்றி விளம்பரங்கள் சொல்வதை நம்பாதீர்கள். சாக்லேட்டுக்குச் சொந்தமாகவே துவர்ப்பு உண்டு, கூடவே சர்க்கரை. இனிப்பில்லாத ஒயினோடு சேர்ந்தால் படி 5இல் தேன் செய்ததை இரண்டு மடங்காகச் செய்யும். சாக்லேட்டுக்குப் போர்ட் போன்ற இனிப்பு ஒயின் இருக்கிறது.

காரம் தவிர்க்க முடியாதபோது என்ன செய்வது? துவர்ப்புக் குறைந்த, கிரெனாஷ் தூக்கலான ஜி.எஸ்.எம். கலவையை எடுத்து, 14 டிகிரி வரை நன்றாகக் குளிரவைத்துக் கொடுங்கள். ஆல்கஹால் 14 சதவீதத்துக்குக் கீழே கிடைத்தால் இன்னும் நல்லது. ஓரளவு சமாளிக்கலாம். உள்ளபடி சொன்னால் அந்த வேளைக்கு வேறு பானம்தான் சரி.

படி 8: அளவும் மிச்சமும்

750 மி.லி. பாட்டிலில் 150 மி.லி. வீதம் ஐந்து கிளாஸ் வரும். 14.5 சதவீத ஒயினில் ஒரு கிளாஸுக்குள் ஏறக்குறைய 17 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. அமெரிக்கக் கணக்கில் ‘ஒரு டிரிங்க்’ என்பது 14 கிராம்தான். மெல்லிய ஒயினில் பழகியவர்கள் கிளாஸ் எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துவிடுவார்கள். வெறும் வயிற்றில் வேண்டாம், இடையிடையே தண்ணீர் குடியுங்கள், அன்றைக்கு வண்டி ஓட்ட வேண்டாம்.

மீந்ததை மூடிக் குளிர்பதனப் பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். மூன்று முதல் ஐந்து நாள் தாங்கும். துவர்ப்பு மிகுந்த இளம் ஒயின் இரண்டாம் நாளில் முதல் நாளைவிட நன்றாக இருப்பதும் உண்டு. பாதிக்கும் கீழே இறங்கிவிட்டால் சின்ன பாட்டிலுக்கு மாற்றிவிடுங்கள், உள்ளே காற்று குறையும். குடிக்க ஒரு மணி நேரம் போல முன்னால் வெளியே எடுத்தால் போதும்.

அதற்கும் மேல் நாளாகிவிட்டால் சமையலுக்குப் போகலாம். ஆனால் தனியாகச் சுண்டவைத்து சாஸ் செய்யாதீர்கள். நீர் வற்ற வற்றத் துவர்ப்பு கெட்டிப்பட்டுக் கசக்கும். எலும்போடு மணிக்கணக்கில் வேகும் இறைச்சியில் ஊற்றுங்கள். அங்கே டானினை வாங்கிக்கொள்ளப் புரதம் வேண்டிய அளவு இருக்கிறது.